அனைத்துலக வணிகம் படித்து முடித்தாச்சு. பாடாங் செராயிலிருந்து இனி எங்கே?

தோட்டத்துப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கெடா, பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை நான். போன மாதம்தான் பட்டமளிப்பு முடிந்தது. படித்தது அனைத்துலக வணிகம், கூடவே மார்க்கெட்டிங். எங்கள் லயத்தில் இதைப் படித்தவர் யாரும் இல்லை, அதனால் வீட்டில் கேட்க ஆளில்லை. அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறார், அப்பா லோரி ஓட்டுகிறார். பிடிபிடிஎன் கல்விக்கடனை வேறு கட்ட ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது கையில் இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது கோலாலம்பூரில், மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ். மாதம் 5,000 வெள்ளி வரை எடுக்கலாம், ஆறே மாதத்தில் மேனேஜர் ஆகலாம் என்கிறார்கள். நேர்காணல் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. வருகிற திங்கட்கிழமையே வரச் சொல்கிறார்கள்.

இரண்டாவது பட்டர்வொர்த்தில், ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிற வேலை. சம்பளம் 2,200 வெள்ளி. முதலில் போனில் பேசினார்கள், அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம்.

மாமா ஒருவர், "நாலு வருஷம் படிச்சிட்டு கிராணி (குமாஸ்தா) வேலைக்கா போற?" என்று அம்மா முன்னாலேயே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மா இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கும் மனசு சரியில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.


வெளிச்சம்_கேஎல் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கோலாலம்பூர் வேலைக்குத் தயவுசெய்து உடனே கையெழுத்துப் போட்டுவிடாதே. "5,000 வரை" என்பதில் வரை என்கிற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேள். இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) உண்டா என்று கேள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் கட்ட வேண்டும், உன் பங்கு 11. "நீங்கள் முகவர், அதனால் அதெல்லாம் கிடையாது" என்று பதில் வந்தால் அது வேலையே இல்லை, கமிஷன்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2013இல் நானும் இப்படித்தான் வந்தேன். பஸ் டிக்கெட்டுக்கு அப்பா கடன் வாங்கினார். முதல் நாளே வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டையோடு காஜாங் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இறக்கிவிட்டார்கள். கையில் தண்ணீர் வடிகட்டி. வீடு வீடாகக் கேட்டைத் தட்ட வேண்டும். நான்கு மாதத்தில் மூன்று விற்றேன், அதில் ஒன்றை வாங்கியது என் சொந்த அத்தை. வீட்டில் கேட்டால் "மார்க்கெட்டிங் வேலைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

நேரடி விற்பனை சட்டப்படி நடக்கிற தொழில்தான். அதற்கென்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, அதில் நன்றாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ் என்று பெயர் வைத்துப் பட்டதாரிப் பிள்ளைகளைக் கூப்பிடுவது தப்பு.

அதற்காகக் கோலாலம்பூரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் இப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் மீடியா திட்டமிடல் செய்கிறேன். ஒரு பொருளுக்கு ஆறு லட்சம் வெள்ளி பட்ஜெட் என்றால் அதில் டிவிக்கு எவ்வளவு, வானொலிக்கு எவ்வளவு, டிக்டாக்குக்கு எவ்வளவு, எந்த வாரம் என்று பிரிப்பது என் வேலை. இது இல்லாமல் பிராண்ட் பார்ப்பவர்கள், சந்தை ஆய்வு செய்பவர்கள், பேரங்காடி அலமாரியில் பொருள் எந்தத் தட்டில் நிற்க வேண்டும் என்று கடைக்காரரோடு பேசி முடிப்பவர்கள் என்று பல வகை உண்டு. பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் பயிற்சி மேலாளர் திட்டம் என்று பட்டதாரிகளை எடுக்கின்றன. பல மாதம் முன்னாலேயே விண்ணப்பம் வாங்கி, நான்கைந்து சுற்று வைத்து எடுப்பார்கள். பத்து நிமிடத்தில் யாரும் எடுப்பதில்லை.


கே2_அக்கா எழுதியது:

தங்கச்சி, நீ கேட்ட அந்த இரண்டாவது வேலை மாதிரியே ஒன்றில் 2014இல் சேர்ந்தவள் நான். ஊரும் பக்கம்தான், கூலிம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கே2 என்பது ஏற்றுமதிக்கான சுங்கப் பாரம் (படிவம்). இறக்குமதிக்கு கே1. நான் சேர்ந்தபோது எனக்கு இந்த இரண்டும்கூடத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் போர்ட்டரின் கோட்பாடு, மார்க்கெட்டிங்கின் நான்கு பி, பண்பாட்டு வேறுபாடு எல்லாம் படித்தேன். சரக்கில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் விதிகள் 11 இருக்கிறது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். எஃப்ஓபி என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரைக்கும் நம் பொறுப்பு, சிஐஎஃப் என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் நாம் கட்ட வேண்டும், ஆனாலும் கப்பலில் ஏறிய பிறகு சரக்குக்கு ஏதாவது ஆனால் நஷ்டம் வாங்குபவருக்கு. இந்தக் கடைசி வரி எனக்கு வகுப்பில் புரியவே இல்லை. ஒரு தடவை நனைந்த மூட்டைகளின் படம் வாட்ஸ்அப்பில் வந்து, "இப்போ யார் காசு கட்டணும்?" என்று பாஸ் என்னைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

என் பெரிய தப்பு ஒன்றைச் சொல்கிறேன். சென்னைக்கு சோப் நூடுல்ஸ் போகிறது, செம்பனை எண்ணெயில் செய்யும் சோப்புச் சரக்கு. வாங்குபவரின் வங்கி கொடுத்த எல்சியில், அதாவது தாள்கள் ஒத்துப்போனால் பணம் தருகிறோம் என்ற உறுதிக் கடிதத்தில், எண்ணெய்க் கலவை 80:20 என்று எழுதியிருந்தது. நான் அவசரத்தில் முந்தைய இன்வாய்ஸைத் திறந்து, தேதியையும் விலையையும் மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினேன். அந்தப் பழையதில் இருந்தது 90:10. ஏற்றிய சரக்கு சரியான சரக்குதான், தாளில் மட்டும் எண் தப்பு. வங்கிக்குச் சரக்கு எது என்று கவலையே இல்லை, அவர்கள் பார்ப்பது தாளை மட்டும்தான். தாளைப் பார்க்க அவர்களுக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி நாள். ஐந்தாம் நாள் மாலை "ஒத்துப்போகவில்லை" என்று பதில் வந்தது. எல்சியில் வேறு கெடு எழுதாவிட்டால் கப்பலேறி 21 நாளுக்குள் தாளை நீட்டியாக வேண்டும். எங்களுக்கு அதில் மிச்சம் இருந்தது இரண்டு நாள். அதற்குள் திருத்திக் கொடுத்தோம். ஆனால் அந்த இழுபறியில் சரக்கு போய் இறங்கி, கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டு கிடந்தது. பாஸ் திட்டவில்லை. வாடகை பில்லை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் இருந்தது அந்தத் தொகை.

அதற்குப் பிறகு எந்தத் தாளையும் பழையதிலிருந்து நகலெடுத்ததில்லை. எல்சியைத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுத்தான் அனுப்புவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த மேசையில் உட்கார்ந்தால் கம்பெனியின் எல்லா ரகசியமும் உன் கண் முன்னால் போகும். யார் வாங்குகிறார், என்ன விலைக்கு, எந்த மாதம் அதிகம், யார் காசைத் தாமதமாகக் கட்டுகிறார், எல்லாம். மூன்று வருஷம் கழித்து எங்கள் விற்பனையாள் ஒருவர் வேலையை விட்டபோது, வாங்குபவர்கள் எல்லாரையும் பெயரோடு தெரிந்தவள் ஆபீசில் நான் ஒருத்திதான். தற்காலிகமாகப் பார்த்துக்கொள் என்றார்கள். அதுதான் இன்றைக்கு என் வேலை, ஏற்றுமதி விற்பனை.

சலுகை வரி ஒப்பந்தங்களையும் கவனமாகப் படி. ஆசியான் நாட்டுக்குப் போகிற சரக்குக்கு பாரம் டி (சரக்கு எந்த நாட்டுப் பொருள் என்று காட்டும் சான்று) வாங்கிக் கொடுத்தால் அங்கே வாங்குபவருக்கு வரி குறையும். இந்தியாவுக்கு ஆசியான்-இந்தியா ஒப்பந்தம் 2010 ஜனவரியிலிருந்து இருக்கிறது, அதுபோக மலேசியா-இந்தியா ஒப்பந்தம் 2011 ஜூலையிலிருந்து. பல நாடுகள் சேர்ந்த ஒப்பந்தங்களில் ஆர்செப் மலேசியாவுக்கு 2022 மார்ச் 18 அன்றும், சிபிடிபிபி அதே வருஷம் நவம்பர் 29 அன்றும் நடப்புக்கு வந்தன. ஒரே நாட்டுக்கு இரண்டு மூன்று வழி இருக்கும். பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ் கோடைப் பார்த்து, எந்த வழியில் வரி குறைவு என்று சொல்லத் தெரிந்தவளை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டார். பாஸ்கள் பலருக்கு இது தெரியாது.


ஓய்வுபெற்ற_கிராணி எழுதியது:

மகளே, உன் மாமா சொன்ன வார்த்தையைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் 31 வருஷம் தோட்டத்துக் கிராணியாக இருந்தவன்.

விடியற்காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஆபீசுக்குப் போவேன். மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுப்பார்கள், ஆளுக்கு ஆள் எழுதிக்கொள்வேன். உன் அம்மா மாதிரி எத்தனையோ பேர் கொண்டுவந்த பாலும் ஒட்டுப்பாலும் என் கையெழுத்தில்தான் பதிவாகும். அப்புறம் லோரி வரும், ஏற்றிக்கொண்டு போகும். அது தோட்டத்து வாசல் கேட்டைத் தாண்டிவிட்டால் எங்கே போகிறது, யார் வாங்குகிறார், என்ன விலை என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. முதலில் அது துரைக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது, பிறகு கோலாலம்பூர் ஆபீசுக்குத் தெரிந்த விஷயமாக ஆனது. 31 வருஷமும் கேட்டுக்கு உள்ளே இருந்த கணக்கை மட்டும்தான் நான் எழுதினேன்.

கேட்டுக்கு வெளியே போகிற கணக்கை நீ எழுதப் போகிறாய். இதை உன் அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்.


சிங்கை_காலாங் எழுதியது:

சிங்கப்பூருக்கு வந்துவிடு என்று யாராவது சொல்வார்கள், அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன். ஜொகூர் பிள்ளைகள் மாதிரி தினமும் போய் வர உனக்கு வழியில்லை, கெடாவிலிருந்து வந்தால் அறை வாடகை எடுத்தே ஆக வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வேலை அனுமதிக்கு) 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் இருக்க வேண்டும், வயது ஏற ஏற அந்த அளவும் ஏறும். அனுபவமே இல்லாத பட்டதாரிக்கு அது லேசில் கிடைக்காது. நான்கைந்து வருஷம் ஒரு துறையில் நின்றுவிட்டு வந்தால் பேச்சே வேறு. நான் பினாங்கில் ஆறு வருஷம் சரக்கு முன்பதிவு பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.


ஒட்டுப்பால்_சேல்ஸ் எழுதியது:

எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது தங்கச்சி. உன் பொருள் எது?

மார்க்கெட்டிங் என்பதும் அனைத்துலக வணிகம் என்பதும் பொருள் இல்லாத படிப்பு. கணக்காளருக்குக் கணக்கு இருக்கிறது, தாதிக்கு நோயாளி இருக்கிறார். நமக்கு "எதை விற்கத் தெரியும்?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. என்னோடு படித்தவர்களில் நின்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டவர்கள். ஒருவன் கையுறை, ஒருத்தி உறைய வைத்த இறால், இன்னொருவன் மரச்சாமான். பொருளைப் பிடிக்காமல் கம்பெனி கம்பெனியாக மாறியவர்கள் இன்றைக்கும் எக்சிகியூட்டிவாகவே இருக்கிறார்கள்.

என் பொருள் ரப்பர். பாலைப் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். நீ பால்மரம் வெட்டுகிற வீட்டுப் பிள்ளை, அதனால் இதைக் கேள். உன் அம்மா மங்கில் (பால் வடியும் கோப்பையில்) உறைந்த ஒட்டுப்பாலைப் பிடுங்கி மூட்டையில் போடுகிறாரே, அதுதான் ஆலையில் கழுவி, நறுக்கி, காய வைத்து, 33 கிலோவுக்குச் சற்று மேலோ 35 கிலோவோ கட்டியாக அழுத்தி, எஸ்எம்ஆர் 20 என்ற பெயரில் டயர் கம்பெனிக்குப் போகிறது. அந்தத் தர முறையை மலேசியா 1965இல் கொண்டுவந்தது. அந்த 20 என்கிற எண் அழுக்கைக் குறிக்கிற எண். எஸ்எம்ஆர் 20இல் அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, எஸ்எம்ஆர் 10 என்றால் 0.08. அழுக்கு என்றால் என்ன? மரப்பட்டை, மண், இலை. மங்கில் விழுந்த பட்டைத் துண்டை உன் அம்மா விரலால் எடுத்துப் போடுகிறாரா இல்லையா என்பதிலிருந்து அந்த எண் ஆரம்பிக்கிறது.

நான் பட்டணத்துப் பையன். மூட்டையைப் பார்த்து "இதில் தண்ணீர் அதிகம், இதில் பட்டை அதிகம்" என்று சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. உன் வீட்டில் அதைக் கண்ணாலேயே சொல்கிற ஆள் இருக்கிறார்.

அப்புறம் விலை. ரப்பருக்கு சிங்கப்பூர் சந்தை விலையையும் மலேசிய ரப்பர் வாரியம் தினமும் வெளியிடும் விலையையும் பார்ப்போம். செம்பனை எண்ணெய்க்கு புர்சா மலேசியா சந்தையில் எஃப்சிபிஓ என்ற முன்பேர வியாபாரம் இருக்கிறது, ஒரு ஒப்பந்தம் 25 டன். வேலைக்குப் போகிறாயோ இல்லையோ, இன்றையிலிருந்து ஒரு நோட்டில் தினமும் இந்த விலைகளை எழுதிவை, ஏறினால் ஏன், இறங்கினால் ஏன் என்று ஒரு வரி. நேர்காணலுக்கு அந்த நோட்டை எடுத்துப் போ. பட்டச் சான்றிதழை எல்லாரும்தான் கொண்டுவருவார்கள்.

புதிதாகத் திறக்கிற கதவு ஒன்றும் இருக்கிறது. காடழிப்பு இல்லாத சரக்குதான் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. ரப்பர், செம்பனை, மரம், காப்பி, கொக்கோ, சோயா, மாடு என்று ஏழு பொருள். நடப்புக்கு வரும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, ஆனால் வாங்குபவர்கள் இப்போதே கேட்கிறார்கள், இந்தப் பால் எந்த நிலத்திலிருந்து வந்தது, அந்த நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று. மலேசியாவுக்குள்ளேயே செம்பனைக்கு எம்எஸ்பிஓ என்ற நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம். இந்த வேலைக்குத் தோட்டமும் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் வாங்குபவருக்குப் பதில் எழுதவும் தெரிய வேண்டும். சிறு தோட்டக்காரரிடம் மலாயிலும் தமிழிலும் உட்கார்ந்து பேசவும் வேண்டும். இந்த மூன்றும் உள்ள ஆள் கிடைக்காமல் எங்கள் ஆலையே திண்டாடுகிறது.


தோட்டத்துப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கிராணி ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

கோலாலம்பூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். இபிஎஃப் பற்றிக் கேட்டதும், "ஆரம்பத்திலேயே இப்படிக் கணக்குப் பார்ப்பவர்கள் முன்னுக்கு வர முடியாது" என்று அந்தப் பெண் சொன்னார். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றேன், நேரில் வந்து பேசலாம் என்று வைத்துவிட்டார். சரி, அது முடிந்தது.

ஆனால் இன்னொரு பயம் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் சேர்ந்து அங்கேயே பாரம் அடித்துக்கொண்டு கிடந்துவிடுவேனோ?


வெளிச்சம்_கேஎல் எழுதியது:

உன் பயம் நியாயமானது. கே2 அக்கா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பாரங்கள் எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டன, நாளைக்கு இன்வாய்ஸை கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். 2,200 வெள்ளியில் மூன்று வருஷம் என்பது பிடிபிடிஎன் கட்டும் பிள்ளைக்கு நீண்ட காலம். இந்த நாட்டில் குறைந்தபட்ச சம்பளமே இப்போது 1,700. பினாங்கு, கூலிம் பக்கம் மின்னியல் கம்பெனிகளில் சப்ளை செயின், கொள்முதல் வேலைகளுக்கும் வணிகப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். பாயான் லெப்பாஸில் 1972இலேயே இன்டெல் வந்துவிட்டது, கூலிம் ஹைடெக் பார்க் 1996இலிருந்து இருக்கிறது. உன் வீட்டுக்கு அதுதான் இன்னும் பக்கம். அங்கே முயன்றாயா?


கே2_அக்கா எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. கம்ப்யூட்டர் நிரப்பும், நானும் இப்போது நிறைய அதில்தான் செய்கிறேன். ஆனால் 80:20க்குப் பதில் 90:10 என்று அது நிரப்பினால் பிடிக்கிற கண் வேண்டும். தாளை வெறும் பாரமாகப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கண் வராது. சரக்கைத் தெரிந்தவருக்குத்தான் வரும். ஒட்டுப்பால் தம்பி சொன்ன பொருள் விஷயமும் இதுதான்.

கூலிம் ஹைடெக் பார்க்கில் கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். கொள்முதலில் உட்கார்ந்தால் வாங்குகிற பக்கத்திலிருந்து இதே தாளைப் பார்ப்பாள். எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி.

தேங்கிப் போகாமல் இருக்க நான் செய்ததைச் சொல்கிறேன். சேர்ந்த முதல் வருஷம் மாதத்துக்கு ஒரு தடவையாவது கிடங்குக்குப் போய் கன்டெய்னரில் சரக்கு ஏறுவதைப் பார்த்தேன். 20 அடிப் பெட்டியில் எத்தனை பலகை (சரக்கை அடுக்கும் பேலட்) நிற்கும் என்று கண்ணால் எண்ணினேன். 2016 ஜூலையில் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றும் முன் மொத்த எடையை உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க வந்தபோது, ஆபீசில் எல்லாரும் தடுமாறினார்கள். பலகையின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று எனக்கு மட்டும் உடனே தெரிந்தது, ஏனென்றால் நான் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருஷத்தில் பாஸிடம் போய், வாங்குபவரிடம் நேரடியாகப் பேசும் வேலையைக் கொடுங்கள் என்று கேட்டேன். முதல் தடவை இல்லை என்றார். ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டேன்.

சுங்க முகவர் பாடத்தையும் எடுத்து வை. சுங்க முகவராக இயங்க 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி உரிமம் வேண்டும், அந்தத் தேர்வில் தேறியவருக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் எப்போதும் இடம் உண்டு. பின்னாளில் சொந்தமாகத் தொழில் போட்டாலும் கைகொடுக்கும்.


மிளகாய்த்தூள்_அக்கா எழுதியது:

நான் படித்தது எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்) வரைக்கும்தான், ஆனாலும் மார்க்கெட்டிங் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது. பாடாங் செராயில் வீட்டிலேயே மசாலாத்தூள் அரைத்து விற்கிறேன். முதலில் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மேசை, இப்போது ஷோப்பியிலும் டிக்டாக்கிலும்.

ஆரம்பத்தில் ஆன்லைனில் ஒரு பொட்டலமும் போகவில்லை. என் தங்கை மகள் உன்னை மாதிரி மார்க்கெட்டிங் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தாள். சமையலறை விளக்கில் நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதில் தூள் செங்கல் மாதிரி தெரியுது" என்றாள். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் ஓரம் வாழை இலையில் தூளைக் கொட்டி எடுத்தாள். பக்கத்தில் நான்கு காய்ந்த மிளகாய். அதோடு நிற்கவில்லை. வாங்கினவர்கள் எழுதிய கருத்துகளை எல்லாம் உட்கார்ந்து படித்தாள். "மீன் கறிக்கு எவ்வளவு போடணும்னு தெரியல" என்று ஆறேழு பேர் எழுதியிருந்தார்கள். நான் அதைக் கவனித்ததே இல்லை. ஒரு கிலோ மீனுக்கு மூன்று கரண்டி என்று பொட்டலத்தின் பின்னால் மலாயில் அச்சடித்தோம். அதற்குப் பிறகு மலாய்க்காரர்கள் திரும்பத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள்.

லேபிளும் அவள்தான் சரி செய்தாள். பெயர், சேர்மானம், எடை, காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி எல்லாம் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கேட்பதுபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் எந்தப் பேரங்காடியும் எடுக்காது. நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பெயருக்கு வருஷத்துக்கு 60 வெள்ளி கட்டிப் பதிந்தோம். சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடனுக்கும் அவளே மனு எழுதினாள்.

நம் ஊரில் என்னை மாதிரி எத்தனையோ பேர் முறுக்கு, ஊறுகாய், பூமாலை என்று செய்கிறார்கள். பொருள் நன்றாக இருக்கும், சொல்லத் தெரியாது. படித்த பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கும் கைப்பழக்கம், எங்களுக்கும் பிழைப்பு. தங்கச்சி, நீ எந்த வேலைக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை வா, காசு கொடுத்தே கூப்பிடுகிறேன்.


இரண்டு_பிள்ளை_அப்பா எழுதியது:

என் மகன் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) முடித்துவிட்டான், இதே படிப்பைக் கேட்கிறான். எடுக்கலாமா?


ஒட்டுப்பால்_சேல்ஸ் எழுதியது:

எடுக்கட்டும் அண்ணே. வடக்கிலேயே சிந்தோக்கில் வடமலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தாய்லாந்து எல்லை கொஞ்ச தூரம்தான். ஆனால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து) அல்லது வணிகச் சட்டத்தைத் துணைப்பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சிக்குத் தெரிந்தவர் கடை என்று போய்க் கையெழுத்து வாங்கி வராமல், எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாம், பட்டர்வொர்த் மாதிரி சரக்கு போய் வருகிற இடத்தில் செய்யட்டும். சீன மொழி முடிந்த மட்டும் கற்கட்டும், எனக்கு இன்றைக்கும் அது இல்லாத குறை இருக்கிறது. அரசாங்க வேலை ஆசை இருந்தால் மெட்ரேட் இருக்கிறது, ஏற்றுமதியை வளர்க்கவே 1993இல் தொடங்கிய அமைப்பு. பிடிடி (அரசாங்க நிர்வாக, அரசதந்திர) அதிகாரி வேலைக்கும் இந்தப் பட்டத்தோடு மனு போடலாம்.


தோட்டத்துப்பிள்ளை எழுதியது:

நேற்று பட்டர்வொர்த் போய் வந்தேன். அதைச் சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

படிப்பைப் பற்றி நேர்காணல் எடுத்த மேடம் அதிகம் கேட்கவில்லை. இரண்டு தாளை நீட்டி, எது ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடி, பத்து நிமிடம் என்றார். இன்வாய்ஸ் ஒன்று, பேக்கிங் லிஸ்ட் ஒன்று. கே2 அக்கா சொன்னபடி பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் போட்டேன். மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தது, நிகர எடையும் சரி. மொத்த எடை மட்டும் இரண்டிலும் வேறு. கூட்டிப் பார்த்தால் ஒன்றில் பலகையின் எடையைச் சேர்க்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அப்புறம் விலை எழுதி வைத்த நோட்டைக் கொடுத்தேன். ஒன்பது நாள்தான் எழுதியிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ரப்பர் விலை ஏறிய ஒரு நாளில் "மழை, வெட்டு இல்லை" என்று எழுதியிருந்தேன். இது எங்கே படித்தாய் என்று கேட்டார். எங்கேயும் படிக்கவில்லை, அன்றைக்கு அம்மா வீட்டில் இருந்தார் என்றேன்.

2,400 வெள்ளி தருகிறார்கள், இபிஎஃப், சொக்சோ எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. ஒன்றாம் தேதி சேர்கிறேன். அவர்கள் அனுப்புவதில் ரப்பரும் உண்டு.

இரவு அம்மாவிடம் 0.16 விழுக்காடு கணக்கைச் சொன்னேன். நூறு கிலோவில் 160 கிராம் என்று ஒரு பிடி மண்ணைக் காட்டினேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு பட்டையெல்லாம் என் மூட்டையில இருக்காதே" என்றார். பிறகு, மங்கைக் கவிழ்க்கும் முன் சுண்டுவிரலால் எப்படி ஒரு சுற்று சுற்றிப் பட்டை எடுப்பார் என்று காலி டம்ளரில் செய்து காட்டினார். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து பாடாங் செராயிலிருந்து பட்டர்வொர்த் போகும் கார் யாருடையதாவது இருக்கிறதா? மோட்டார் லைசென்ஸ் எடுக்க இன்னும் ஒரு மாதம் ஆகும்.


கே2_அக்கா எழுதியது:

எனக்கும் அந்த வழிதான். பாடாங் செராய் சந்தை எதிரில் பஸ் நிற்கும் இடத்தில் காலை 6.50க்கு நில், வெள்ளை மைவி கார். பென்சில் எடுத்து வா.